நோய்க் குறிப்பைத் திறந்தவர் யார்?

உடல்நலம் சரியில்லை என்று மருத்துவமனைக்குப் போகிறோம். சீட்டு எழுதுமிடத்தில் பெயர், வயது, ஊர் ஆகியவற்றைக் கேட்கிறார்கள். டாக்டரிடம் போனாலோ அவர் கேட்கும் கேள்விகள் வேறு வகையானவை. வீட்டாரிடம்கூடச் சொல்லத் தயங்கும் செய்திகளை அவரிடம் சொல்லிவிடுகிறோம். சொன்னால்தான் நோய் தீரும் என்ற நம்பிக்கை ஒரு பக்கம். சொன்னது அந்த அறையைத் தாண்டாது என்ற நம்பிக்கை மற்றொரு பக்கம். இந்த இரண்டாவது நம்பிக்கை போய்விட்டால் முதலாவதற்கும் வேலை இல்லை. குடிப்பழக்கத்தையோ பழைய காசநோயையோ மறைத்த நோயாளிக்குக் கிடைக்கும் மருந்து, அவருடைய நோய்க்கான மருந்தாக இராது.

கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் உறுதிமொழி 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. நோயாளியிடம் கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்வதில்லை என்ற வாக்குறுதி அதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் இரகசியம் தங்கிய இடம் ஒன்றே ஒன்றுதான். அது மருத்துவரின் நெஞ்சு. அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அந்த இரகசியம் நெஞ்சிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து கணிப்பொறிக்கும் எப்படிக் குடிபெயர்ந்தது, அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையே இங்கு பார்க்கப் போகிறோம்.

ஒரு நோயாளி, ஓர் எண்

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே வில்லியம் மேயோ, சார்லஸ் மேயோ என்ற சகோதரர்கள் நடத்திய மருத்துவ நிலையம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெரும் புகழ் பெற்றிருந்தது. அங்கிருந்த டாக்டர் ஒவ்வொருவரும் தம்மிடம் வந்தவர்களைப் பற்றித் தம் சொந்தப் பேரேட்டில் எழுதி வைப்பது வழக்கம். மூன்று டாக்டர்கள் ஒருவரைப் பார்த்தால் அவருடைய நோய் வரலாறு மூன்று பேரேடுகளில் சிதறிக் கிடக்கும். ஐந்து ஆண்டுகள் கழித்து அதே நோயாளி திரும்பி வந்தால், எந்தப் பேரேட்டில் எந்தப் பக்கம் என்று தேடுவதே பெரும்பாடு.

அந்த நிலையத்தில் பணியாற்றிய டாக்டர் ஹென்றி பிளம்மருக்கு இயந்திரங்களிலும் ஒழுங்கிலும் தணியாத ஆர்வம். அவர் ஒரு புதிய ஏற்பாட்டை வகுத்தார். 1907ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் அது தொடங்கியது. நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு ஓர் உறை. யார் பார்த்தாலும், எந்தச் சோதனை செய்தாலும், எல்லாத் தாள்களும் அந்த உறைக்குள்தான் போகவேண்டும். மேபல் ரூட் என்ற பெண்மணி இந்த ஏற்பாட்டைக் கட்டி வளர்ப்பதில் அவருக்கு வலக்கையாக இருந்தார். பின்னாளில் கட்டடத்துக்குள் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு உறைகளை அனுப்பக் காற்றழுத்தக் குழாய்களும் தூக்கிகளும் அமைத்தார் பிளம்மர்.

இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் 'கேஸ் ஷீட்' என்று சொல்கிறோமே, அதை ஒரே கட்டாகச் சேர்த்து வைக்கும் பழக்கம் உலகெங்கும் பரவியதில் பிளம்மரின் ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. மருத்துவ ஆராய்ச்சிக்கும் அது கை கொடுத்தது. ஒரே நோய் கொண்ட நூறு பேருடைய உறைகளை எடுத்து அடுக்கி ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முன்பு டாக்டரின் பேரேடு அவருடைய அறையில் இருந்தது. இப்போது உறை பல கைகள் மாறுகிறது. எடுத்துக் கொடுப்பவர், தட்டச்சு செய்பவர், சோதனைச் சாலைக்காரர், கணக்குப் பிரிவினர் எனப் பலர் அதைத் தொடுகிறார்கள். உறுதிமொழி எடுத்தவர் டாக்டர். பைலைச் சுமந்து நடந்தவர் எந்த உறுதிமொழியும் எடுத்ததில்லை.

அப்படியிருந்தும் தாள் யுகத்தில் இரகசியம் ஓரளவு காப்பாற்றப்பட்டே வந்தது. அதற்குக் காரணம் மனிதரின் நல்ல குணம் மட்டுமன்று, தாளின் குணமும்தான். ஒரு பைல் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்கும். அதைப் பார்க்க வேண்டுமானால் எழுந்து நடக்க வேண்டும். ஒருவரிடம் கேட்க வேண்டும். ஆயிரம் பைல்களைத் திருட லாரி வேண்டும். போதாக்குறைக்கு டாக்டர்களின் கையெழுத்து வேறு! அதைவிட நல்ல பூட்டை எவரும் செய்ததில்லை.

1971இல் நடந்த ஒரு சம்பவம் இதற்குச் சான்று. வியட்நாம் போர் பற்றிய அமெரிக்க அரசின் இரகசிய ஆவணங்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தவர் டேனியல் எல்ஸ்பர்க். அவர் மனநல மருத்துவர் லூயிஸ் பீல்டிங்கிடம் சிகிச்சை பெற்றிருந்தார். எல்ஸ்பர்க்கின் பெயரைக் கெடுக்க ஏதாவது அகப்படுமா என்று பார்க்க, அதிபர் நிக்சனின் வெள்ளை மாளிகை அமைத்த ஒரு குழு 1971 செப்டம்பர் 3ஆம் நாள் இரவு அந்த மருத்துவரின் அறைக்குள் ஆட்களை அனுப்பியது. அவர்கள் கதவை உடைத்தார்கள். பைல் அலமாரியை நெம்பினார்கள். போதை மருந்துக்காக வந்த திருடர் வேலை போலத் தோன்ற வேண்டும் என்று மாத்திரைகளை இறைத்துவிட்டுப் போனார்கள். தேடியது அகப்படவில்லை என்றே அவர்கள் மேலிடத்துக்குச் சொன்னார்கள். இந்தக் கன்னக்கோல் வேலை பின்னர் அம்பலமானது. எல்ஸ்பர்க் மீதான வழக்கு 1973 மே 11ஆம் நாள் தள்ளுபடியானதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம். ஒரு பெரிய அரசே விரும்பினாலும், ஒரு மனிதரின் நோய்க் குறிப்பைப் பார்க்கக் கதவை உடைக்க வேண்டியிருந்தது. உடைத்த கதவு மறுநாள் காலையில் சாட்சி சொன்னது.

கணிப்பொறி வந்தது

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டாக்டர் ஆக்டோ பார்னெட் நடத்திய ஆய்வுக்கூடத்தில், 1966–67ஆம் ஆண்டுகளில் நீல் பப்பலார்டோவும் அவருடைய தோழர்களும் மருத்துவமனைக்கென்றே ஒரு கணிப்பொறி மொழியை உருவாக்கினார்கள். அம்மொழியின் நீண்ட பெயரைச் சுருக்கினால் 'மம்ப்ஸ்' என்று வரும். ஆங்கிலத்தில் இது பொன்னுக்கு வீங்கிக்கும் பெயர்! மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு ஒரு நோயின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஒரே இயந்திரத்தைப் பலர் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் பயன்படுத்த அது வழி செய்தது. அதன் வழிவந்த மொழிகள் பெரிய மருத்துவமனை அமைப்புகள் பலவற்றின் அடித்தளத்தில் இன்றும் இயங்குகின்றன.

'பலர், பல இடங்களிலிருந்து, ஒரே நேரத்தில்' என்பதுதான் கணிப்பொறியின் வரம். சாபமும் அதுவே. தாளின் குணம் தந்த காவல் முழுவதும் ஒரே வீச்சில் போய்விட்டது. பைல் இனி நகர்வதில்லை. எந்த மேசையிலும் தோன்றும். எடுத்ததும் தெரியாது, திரும்ப வைத்ததும் தெரியாது.

'சரி, பூட்டி வைத்தால் என்ன?' என்று கேட்கலாம். மருத்துவமனை என்பது வங்கி அன்று. நள்ளிரவில் நினைவிழந்த ஒருவரைக் கொண்டு வருகிறார்கள். அவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற செய்தி பூட்டுக்குள் இருந்தால், பூட்டே அவரைக் கொன்றுவிடும். அப்போது பணியில் இருப்பவர் யாராக இருந்தாலும் அதைப் பார்த்தாக வேண்டும். எனவே பல மருத்துவமனைக் கணிப்பொறிகளில் 'கண்ணாடியை உடைத்தல்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. தீ எச்சரிக்கைப் பெட்டியின் கண்ணாடியை ஆபத்தில் உடைப்பது போல, தமக்கு உரிமை இல்லாத குறிப்பையும் அவசரத்தில் ஒருவர் திறக்கலாம். ஆனால் ஏன் திறந்தார் என்று எழுத வேண்டும். பிறகு ஒருவர் அதைச் சரிபார்ப்பார்.

இங்கேதான் பூட்டைவிட முக்கியமான ஒரு பொருள் வருகிறது. அது, திறந்தவர் பெயரை எழுதும் ஏடு. யார் திறந்தார், எந்த நோயாளியின் குறிப்பு, எந்த நாள், எந்த மணி, பார்த்தாரா, மாற்றினாரா, அச்செடுத்தாரா என்று கணிப்பொறியே தானாக எழுதிக்கொண்டு போகும் ஏடு அது. அதில் புதிய வரி சேர்க்கலாமேயன்றிப் பழைய வரியை எவரும் அழிக்கக் கூடாது. உடைந்த கதவு சொன்ன சாட்சியை இனி இந்த ஏடுதான் சொல்ல வேண்டும். இந்த ஏடு இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதை ஒரு பெண்மணியின் வாழ்க்கை காட்டியது.

'ஐ' என்ற நர்ஸ்

அவர் பின்லாந்து நாட்டவர். வழக்கு ஏடுகளில் அவருடைய பெயர் இல்லை. 'ஐ' என்ற ஒற்றை எழுத்துதான் இருக்கிறது. 1987இல் அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தது. 1989 முதல் அவர் ஓர் அரசுப் பொது மருத்துவமனையின் கண் நோய்ப் பிரிவில் தற்காலிக நர்ஸாகப் பணியாற்றினார். அதே மருத்துவமனையின் தொற்றுநோய்ப் பிரிவில்தான் அவருக்குச் சிகிச்சையும் நடந்தது. பணியாற்றும் இடமும் வைத்தியம் பெறும் இடமும் ஒன்று என்பது நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும் புதிதன்று. நோயாளியாக இருக்கும்போது அவர்களுக்கு வாய்க்கும் அக்கம்பக்கத்தாரே உடன் வேலை செய்பவர்கள்தாம்.

1992ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவருக்குச் சந்தேகம் எழுந்தது. உடன் பணியாற்றுபவர்களுக்குத் தம் நோய் தெரிந்துவிட்டது போலத் தோன்றியது. அந்நாளில் அங்கிருந்த பணியாளர்கள் நோயாளிப் பதிவேட்டைத் தடையின்றிப் பார்க்க முடிந்தது. அவர் தம் டாக்டரிடம் முறையிட்டார். அதன்பின் சிகிச்சை தரும் பிரிவினர் மட்டுமே அவருடைய குறிப்பைப் பார்க்கும்படி மாற்றினார்கள். அவருக்கு ஒரு பொய்ப் பெயரும் வைத்துப் பதிவு செய்தார்கள். ஆனால் குதிரை ஓடிய பின் லாயத்தைப் பூட்டிய கதைதான். அவருடைய தற்காலிகப் பணியும் பிறகு நீட்டிக்கப்படவில்லை.

1996 நவம்பரில் அவர் அதிகாரிகளிடம் ஓர் எளிய கேள்வியை வைத்தார். என் குறிப்பைப் பார்த்தவர்கள் யார் யார்?

மருத்துவமனையால் பதில் சொல்ல முடியவில்லை. மறைத்தார்கள் என்று எண்ண வேண்டாம், அவர்களுக்கே தெரியாது. அந்த அமைப்பு, கடைசியாகப் பார்க்கப்பட்ட ஐந்து தடவைகளை மட்டுமே நினைவில் வைத்திருந்தது. அதிலும் பார்த்த ஆளின் பெயர் இருக்காது. எந்தப் பிரிவு என்பது மட்டுமே இருக்கும். குறிப்பு காப்பகத்துக்குத் திரும்பியதும் அந்த ஐந்தும் அழிந்துவிடும். திறந்தவர் ஒவ்வொருவரையும் பின்னாளில் கண்டுபிடிக்கும்படி 1998 மார்ச்சில் பதிவேட்டைத் திருத்தி அமைத்தார்கள். நர்ஸுக்கு அதனால் பயன் இல்லை.

அவர் நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார். உங்கள் குறிப்பைத் தகாதவர் பார்த்தார் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று உள்நாட்டு நீதிமன்றங்கள் கேட்டன. மாவட்ட நீதிமன்றத்தில் தோல்வி. மேல் முறையீட்டிலும் தோல்வி. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே இல்லை. ஆதாரம் இருக்க வேண்டிய ஏட்டை எழுதாமல் விட்டவர்கள் எதிர்த்தரப்பார். அந்த ஆதாரத்தைக் கொண்டுவரச் சொல்லியதோ இவரிடம்! சட்டத்தில் இப்படியும் ஒரு சுழல் உண்டு.

இறுதியில் வழக்கு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 2008 ஜூலை 17ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அந்த நீதிமன்றம் விஷயத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தது. தவறு நடந்த பின் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று ஒரு சட்டம் இருப்பது போதாது. தகாதவர் பார்க்க வழியே இல்லாதபடி நடைமுறையில் காவல் இருந்திருக்க வேண்டும். யார் பார்த்தார் என்று எழுதி வைத்திருந்தால் இந்தப் பெண்மணி தம் வழக்கை மெய்ப்பித்திருக்க முடியும். எழுதாதது மருத்துவமனையின் குறை. அந்தக் குறையின் பாரத்தை அவர் தலையில் ஏற்றுவது தகாது. மனிதரின் தனி வாழ்வுக்கு மதிப்பளிக்க வேண்டிய கடமையில் பின்லாந்து தவறிவிட்டது என்று தீர்ப்பளித்து, மன வேதனைக்காக 8,000 யூரோவும், பொருள் இழப்புக்கும் வழக்குச் செலவுக்கும் தனித் தொகைகளும் கொடுக்கச் சொன்னது. நர்ஸுக்குச் சந்தேகம் எழுந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தத் தீர்ப்பைப் பற்றிச் செய்தித்தாள்கள் பெரிதாக எழுதவில்லை. என் எண்ணத்தில், மருத்துவக் குறிப்புகளின் வரலாற்றில் பிளம்மரின் 1907க்கு நிகராக வைக்க வேண்டிய ஆண்டு 2008.

எழுதிய ஏட்டைப் படிப்பது யார்?

அமெரிக்காவில் இதற்கு முன்பே, 1996இல் இயற்றிய சட்டம் ஒன்றின் கீழ் நோயாளியின் அந்தரங்கம் பற்றிய விதிகள் 2003இல் நடைமுறைக்கு வந்தன. 2009இல் வந்த மற்றொரு சட்டம், மருத்துவமனைகளை அரசு அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும் என்றது. 2011, 2012ஆம் ஆண்டுகளில் 115 நிறுவனங்களில் முதல் தணிக்கை நடந்தது. ஐரோப்பாவில் 2018 மே 25ஆம் நாள் முதல் எல்லா நாடுகளுக்கும் பொதுவான தகவல் பாதுகாப்புச் சட்டம் அமுலாயிற்று. கணக்குத் தணிக்கையாளர் ரசீதுகளைப் புரட்டுவது போல, இனி வருபவர்கள் சாவிகளை எண்ணுவார்கள் என்றாகியது.

அப்படி எண்ணியபோது வேடிக்கையான கணக்குகள் வெளிப்பட்டன. போர்ச்சுக்கலில் லிஸ்பன் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள பரெய்ரோ மருத்துவமனையில் இருந்த டாக்டர்கள் 296 பேர். ஆனால் கணிப்பொறியில் 'டாக்டர்' என்ற உரிமையோடு 985 பேர் பதிவாகியிருந்தார்கள்! தற்காலிகமாக வந்து போன டாக்டர்களால் நேர்ந்தது என்று மருத்துவமனை விளக்கம் கூறியது. வீட்டைக் காலி செய்தவர்கள் எல்லோரும் சாவியைக் கையோடு கொண்டுபோய்விட்டது போன்ற நிலை. 2018இல் 4,00,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது.

நெதர்லாந்தில், ஹேக் நகரின் ஹாகா மருத்துவமனையில் நடந்தது இன்னும் சிந்திக்க வைப்பது. தொலைக்காட்சியால் பெயர் பெற்ற ஒரு பெண் 2018இல் அங்கே சேர்க்கப்பட்டார். அவருடைய சிகிச்சையில் எந்தப் பங்கும் இல்லாத 85 பணியாளர்கள் அவருடைய குறிப்பைத் திறந்து பார்த்திருந்தார்கள். பின்லாந்து மருத்துவமனையைப் போலன்றி இங்கே ஏடு இருந்தது. அதனால்தான் 85 என்று எண்ணிச் சொல்ல முடிந்தது. ஆனால் அந்த ஏட்டை ஒழுங்காகப் படித்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. நுழையும்போது கடவுச்சொல்லோடு இரண்டாவது அடையாளம் ஒன்றும் கேட்கும் ஏற்பாடும் சரியாக இல்லை. 2019இல் 4,60,000 யூரோ அபராதம். நீதிமன்றம் பின்னர் அதை 3,50,000 ஆகக் குறைத்தது.

பார்த்த அந்த 85 பேரும் கொடியவர்கள் அல்லர். பக்கத்து வீட்டில் வண்டி வந்து நின்றால் எட்டிப் பார்க்கிறோமே, அந்த ஆவல்தான். தாள் யுகத்தில் அந்த ஆவலுக்காக எழுந்து நடக்க வேண்டும். காப்பகக்காரரின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். பாதிப் பேர் அந்தக் கூச்சத்திலேயே நின்றுவிடுவார்கள். விசைப்பலகைக்குக் கூச்சம் கிடையாது.

ஏட்டைப் படிப்பதும் எளிய வேலை அன்று. பெரிய மருத்துவமனையில் ஒரு நாளைக்கே இலட்சக்கணக்கான வரிகள் சேரும். அதனால் சந்தேகமான வரிகளைக் கணிப்பொறியைக் கொண்டே சலித்தெடுக்கிறார்கள். பார்த்தவருக்கும் நோயாளிக்கும் ஒரே குடும்பப் பெயரா? ஒரே தெருவா? நோயாளியே இங்கே பணியாற்றுபவரா? கண் பிரிவில் இருப்பவர் பிரசவப் பிரிவுக் குறிப்பை ஏன் திறந்தார்? இவற்றுக்கு நல்ல காரணமும் இருக்கலாம். எனவே கடைசியில் ஒரு மனிதர் மற்றொரு மனிதரை அழைத்துக் கேட்டே ஆகவேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. இரவு முறைக்கு வந்த ஒருவர் தம் கடவுச்சொல்லைத் தட்டித் திறந்து வைக்க, விடியும் வரை அந்த வார்டில் உள்ள எல்லோரும் அதையே பயன்படுத்துவார்கள். ஒவ்வொரு தடவையும் வெளியேறி மீண்டும் நுழைய நோயாளியின் மூச்சுத் திணறல் காத்திருக்காது என்பது அவர்கள் நியாயம். நியாயம்தான். ஆனால் மறுநாள் ஏட்டில் பதிவாகியிருப்பது ஒரே பெயர். பழியும் அந்த ஒருவர் மீதே.

மறுபடியும் பின்லாந்து

உள்ளே இருப்பவர்களின் ஆவல் ஒரு பக்கம் இருக்க, வெளியிலிருந்து வந்த பேரிடியையும் பின்லாந்துதான் சந்தித்தது. வஸ்தாமோ என்ற தனியார் மனநலச் சிகிச்சை நிறுவனத்துக்கு நாடெங்கும் கிளைகள் இருந்தன. அதன் நோயாளிக் குறிப்புகள் இருந்த கணிப்பொறி, தகுந்த காவலின்றி இணையத்திலிருந்து நேரே எட்டக்கூடிய நிலையில் இருந்தது. யாரோ உள்ளே புகுந்து சுமார் 33,000 பேருடைய குறிப்புகளை அள்ளிக்கொண்டார். 2020இல் நிறுவனத்திடம் 40 பிட்காயின் கேட்டு மிரட்டல் வந்தது. அது பலிக்காமற் போகவே, 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே தனித்தனியாகக் கடிதம் போனது. 200 யூரோ மதிப்புள்ள பிட்காயின் கொடு, தாமதித்தால் 500, கொடாவிட்டால், நீ உன் மருத்துவரிடம் அழுது சொன்னதெல்லாம் ஊர் அறியும்.

எல்ஸ்பர்க்கின் ஒரே ஒரு பைலுக்காகக் கதவை உடைத்தவர்களை நினைத்துப் பாருங்கள். இங்கே கதவும் உடையவில்லை, சத்தமும் இல்லை. முப்பதாயிரம் பேருடைய நெஞ்சக் குமுறல் ஒரு கம்பி வழியே போய்விட்டது. அந்த நிறுவனம் 2021இல் திவாலாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் 6,08,000 யூரோ அபராதமும் விதிக்கப்பட்டது. மிரட்டியவர் பிடிபட்டு, 2024இல் மாவட்ட நீதிமன்றம் அவருக்கு ஆறு ஆண்டு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. வெளியான குறிப்புகளை மட்டும் எந்த நீதிமன்றத்தாலும் திரும்ப வாங்கிக் கொடுக்க முடியவில்லை.

நம் நாட்டிலும் ஏடு பேசும் காலம் நெருங்குகிறது. உள்நோயாளியின் குறிப்புகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகள் கூறின. 2023இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2025 நவம்பரில் வெளியான அதன் விதிகள், தகவலைத் திறந்தவர் யார் என்று காட்டும் பதிவுகளை ஓராண்டு வரை காக்கச் சொல்கின்றன. விதிகளின் பெரும் பகுதி அமுலுக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது.

பின்லாந்து வளைகுடாவின் தென்கரையில், ஹெல்சிங்கிக்கு நேர் எதிரே எஸ்டோனியா என்ற சிறு நாடு இருக்கிறது. அங்கே 2008ஆம் ஆண்டின் இறுதியில், நாடு முழுவதற்கும் பொதுவான மருத்துவக் குறிப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். 'ஐ' வழக்கின் தீர்ப்பு வந்ததும் அதே ஆண்டுதான். எஸ்டோனியாவில் அந்த ஏட்டைப் படிக்கும் வேலை தணிக்கையாளருக்கு மட்டும் உரியதன்று. நோயாளி தம் வீட்டில் உட்கார்ந்தபடியே தம் குறிப்பைத் திறந்து, அதை யார் யார், எப்போது பார்த்தார்கள் என்று தாமே படித்துக்கொள்ளலாம். ஒரு குறிப்பை டாக்டர்களுக்கும் தெரியாதபடி மூடி வைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. பழக்கமில்லாத பெயர் ஏட்டில் தென்பட்டால், நீங்கள் ஏன் பார்த்தீர்கள் என்று கேட்கலாம். அந்த நர்ஸ் 1996இல் கேட்ட அதே கேள்வி அது.